எத்தனை செல்லில் தேடினீர்கள்? கொடையாளர் செல்களைச் சிறு அளவில் கண்டறிவது பற்றி

கேள்வி இதுதான்: எலும்பு மஜ்ஜையோ உறுப்போ மாற்றிக்கொண்டவரின் உடலில், அல்லது இரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடலில், கொடையாளரின் செல்கள் மிகக் குறைந்த அளவில் தங்கியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எவ்வளவு குறைந்த அளவுவரை முடியும்? அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அப்படியே நம்பலாமா?

முதலில் நேரடியான பதில். சரியான அடையாளக்குறி கிடைத்து, போதுமான டி.என்.ஏ.வும் இருந்தால் லட்சம் செல்லில் ஒன்றைக்கூட இன்று பிடித்துவிட முடியும். ஆனால் அன்றாடம் மருத்துவமனை ஆய்வகங்களில் நடக்கும் வழக்கமான பரிசோதனை நூற்றுக்கு ஒன்று அல்லது ஐந்துக்குக் கீழே போனால் கண்ணை மூடிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி. எனவே ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியைப் படித்தவுடன் கேட்க வேண்டியது, எத்தனை செல்லில் தேடினீர்கள் என்பதைத்தான். எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசையைப் பலர் தலைகீழாக்கிவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். மனித செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வின் எடை ஏறத்தாழ 6.6 பிகோகிராம். அப்படியானால் 1 நானோகிராம் டி.என்.ஏ. என்பது சுமார் 150 செல்களின் சொத்து; 100 நானோகிராம் என்பது 15,000 செல்; 1 மைக்ரோகிராம் என்பது ஒன்றரை லட்சம் செல். மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் எஸ்.டி.ஆர். பரிசோதனையில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) குழாய்க்குள் போவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நானோகிராம்தான். அதாவது நாம் விசாரிப்பது சில நூறு செல்களை. அதில் நூற்றுக்கு ஒன்று என்பதே இரண்டு மூன்று செல். ஆயிரத்தில் ஒன்றை அங்கே தேடுவதில் பொருளே இல்லை. அது குழாய்க்குள் வந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. நோயாளியிடம் எடுத்த 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் நாற்பது லட்சம் முதல் ஒரு கோடிக்கும் சற்று மேல்வரை வெள்ளணுக்கள் இருந்திருக்கும். அத்தனையும் கையில் இருந்தும் நாம் பார்த்தது சில நூறு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலையில் செல்லாது. சோறு முழுவதும் ஒரே மாதிரி வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி அது. அரிதான ஒன்றைத் தேடும்போது நிகழ்தகவு வேறு விதமாக வேலை செய்கிறது. பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று கொடையாளருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சரியாகப் பத்தாயிரம் செல்லை ஆராய்ந்தால், அந்த ஒன்று நம் மாதிரியில் இல்லாமலே போவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. முப்பதாயிரம் செல்லை ஆராய்ந்தால்தான் அந்தத் தவறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு இறங்கும். லட்சத்தில் ஒன்றை இதே உறுதியோடு மறுக்க வேண்டுமென்றால் மூன்று லட்சம் செல், அதாவது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் டி.என்.ஏ. வேண்டும். எந்தக் கருவியை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அவ்வளவு டி.என்.ஏ.வை ஒரே குழாயில் கொட்டினால், டி.என்.ஏ.வைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கி நகலெடுக்கும் பி.சி.ஆர். வினையே தடைப்படும். அதனால் பல குழிகளில் பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறோம்.

அடுத்தது, சிறு அளவில் இருப்பது யாருடைய செல் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் இரத்தத்தில் பெரும்பகுதி கொடையாளருடையதாகிவிடும். அங்கே தேடுவது, எஞ்சியிருக்கும் அல்லது திரும்பி வரும் நோயாளியின் சொந்த செல்களை. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவரிடமும் இரத்தம் ஏற்றிக்கொண்டவரிடமும் நிலைமை நேர்மாறு. அவர்களிடம் சிறுபான்மை கொடையாளர் செல்கள். ஆய்வக நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ‘0.5 விழுக்காடு’ என்ற ஒரே எண், முதல் நோயாளிக்கு நோய் திரும்புவதன் முன்னறிகுறியாக இருக்கலாம். இரண்டாமவருக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போகலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடிப் பதறுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி அடையாளக்குறி. இருவரையும் பிரித்துக்காட்டும் ஏதோ ஒரு மரபணு வேறுபாடு வேண்டும். எஸ்.டி.ஆர். முறையில், குரோமோசோமில் சிறு எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு அது 11 முறை வரும், இன்னொருவருக்கு 14 முறை. நீள வேறுபாட்டை வைத்து வரைபடத்தில் தனித்தனி முகடுகளாகப் பார்க்கலாம், முகடுகளின் பரப்பைக்கொண்டு விழுக்காடும் சொல்லலாம். தடயவியலில் பயன்படும் அதே முறை. இதன் பலவீனம் நகலெடுக்கும் நொதியிடம் இருக்கிறது. நகலெடுக்கும்போது அது அவ்வப்போது வழுக்கி, ஒரு தொடரைத் தவறவிடும். 14 இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் 13-இல் ஒரு குட்டி முகடு முளைக்கும்; உண்மையான முகட்டின் உயரத்தில் 5 முதல் 15 விழுக்காடுவரை அது இருக்கலாம். கொடையாளரின் முகடு தற்செயலாக அதே 13-இல் இருந்தால்? குட்டி முகடு எது, கொடையாளர் எது என்று பிரிக்க வழியில்லை. அந்தக் குறியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முகடு இருப்பதைப் பார்த்ததும் ‘2 விழுக்காடு’ என்று எழுதிவிடும் அவசரம் இந்தத் துறையில் எவரிடமும் இருக்கக் கூடாது.

குறைந்த அளவைத் தேட, நீள வேறுபாட்டை விட்டுவிட்டு இருக்கிறது, இல்லை என்ற வகைக் குறிகளுக்கு வர வேண்டும். கொடையாளரிடம் சில எழுத்துகள் கூடுதலாக இருக்கும். பெறுநரிடம் அவை அறவே இருக்காது. அந்தக் கூடுதல் துண்டை மட்டும் பெருக்கும் நிகழ்நேர பி.சி.ஆர். செய்தால், பின்னணி வெற்றிடமாக இருப்பதால் ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று வரை இறங்கலாம். ஆனால் இது சிறுபான்மையைப் பார்ப்பதற்கான கருவி. ஒரு சுழற்சி வேறுபட்டாலே அளவு இரண்டு மடங்கு மாறிவிடும் முறை என்பதால், 40 விழுக்காடா 55 விழுக்காடா என்று அளப்பதற்கு இது ஏற்றதல்ல. அங்கே பழைய எஸ்.டி.ஆர்.தான் நம்பகமானது. டிஜிட்டல் பி.சி.ஆர். இந்தக் குறையைப் போக்குகிறது. மாதிரியை ஏறத்தாழ இருபதாயிரம் நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் ஒளி எழுகிறதா என்று தனித்தனியே பார்த்து எண்ணுவது அது. அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டு வளைவு தேவையில்லை, சிறிய அளவையும் பெரிய அளவையும் அளக்கலாம். புதிய தலைமுறை வரிசையறிதலில் நூற்றுக்கணக்கான குறிகளை ஒரே நேரத்தில் பார்க்க முடிவதால், உறவினர் கொடையாளராக இருந்து வேறுபாடுகள் குறையும்போது அது கைகொடுக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் ஒருவருக்கொருவர் கொடுத்தால் இந்த வகைக் குறி எதுவும் கிடைக்காது. பரிசோதனையை எழுதிக்கொடுப்பதே வீண்.

ஒய் குரோமோசோம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடையாளர் ஆண், பெறுபவர் பெண் என்றால் ஒய் குரோமோசோமைத் தேடினாலே போதும். அதுவே மிக எளிய குறி. அந்தக் குரோமோசோமில் பல பிரதிகளாக இருக்கும் பகுதியைக் குறிவைத்தால் உணர்திறன் இன்னும் கூடும். இந்தத் துறையின் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன. ஆனால் 1996-இல் டயானா பியாங்கியும் சகாக்களும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்த எளிமையைக் குலைத்தது. ஆண் குழந்தை பெற்ற பெண்களின் இரத்தத்தில், பிரசவமாகி 27 ஆண்டுகள் கழித்தும் ஆண் செல்கள் இருந்தன. கருவிலிருந்த பிள்ளையின் செல்கள் தாய்க்குள் குடியேறி அங்கேயே நிலைத்துவிட்டன. கருச்சிதைவானவரிடமும் இது நிகழலாம். எனவே மகனைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு ஆணின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பிறகு ஒய் குரோமோசோம் அகப்பட்டால், அது கொடையாளருடையது என்று எப்படிச் சொல்வது? மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே எடுத்த மாதிரியில் ஒய் இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும். அதைவிட நல்லது, எச்.எல்.ஏ. (திசுப் பொருத்தம் பார்க்கும் மரபணுக்கள்) போன்ற வேறு குறியில் அந்தக் கொடையாளருக்கே உரிய வகையைத் தேடுவது. மாதிரியைக் கையாளும் தொழில்நுட்பர் ஆணாக இருந்தால், உதிரும் சில தோல் செல்களே பொய் முடிவைத் தந்துவிடும். டி.என்.ஏ. பிரிக்கும் அறையும் பி.சி.ஆர். பெருக்கத்தைத் திறக்கும் அறையும் வேறு வேறாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்ணீர் மட்டும் உள்ள குழிகள் பல இருக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

சிவப்பணுக்களுக்கு உட்கருவே கிடையாது, ஆகையால் டி.என்.ஏ. வழி அடைபடுகிறது. அங்கே இரத்த வகையைத் தீர்மானிக்கும் மேற்பரப்பு மூலக்கூறுகளான ஆன்டிஜென்கள்தான் குறி. இதை முதலில் அழகாகச் செய்துகாட்டியவர் வினிஃப்ரெட் ஆஷ்பி. 1919-இல் அவர் வெளியிட்ட முறை இது: ஏ வகை நோயாளிக்கு ஓ வகை இரத்தம் ஏற்றிய பிறகு, மாதிரியில் ஏ-க்கு எதிரான சீரத்தைச் சேர்த்தால் நோயாளியின் செல்கள் திரண்டுவிடும், திரளாமல் மிஞ்சி நிற்பவை கொடையாளருடையவை. அவற்றை நுண்ணோக்கியில் எண்ணி, நாள்தோறும் எப்படிக் குறைகின்றன என்று பின்தொடர்ந்தார். ஏற்றிய சிவப்பணுக்கள் மாதக்கணக்கில் உயிர்வாழ்கின்றன என்பது உலகுக்கு அப்படித்தான் தெரிந்தது. இன்று இதையே ஒளிரும் ஆன்டிபாடிகளுடன், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செய்கிறோம். சில நிமிடங்களில் பல்லாயிரம் செல்களை எண்ணிவிடலாம். விளையாட்டு வீரர்கள் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொள்வதைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். 2004-இல் மிதிவண்டி வீரர் டைலர் ஹாமில்டன் அதில் சிக்கினார். கருவிலேயே மறைந்த இரட்டையின் செல்களாக இருக்கலாம் என்ற வாதம் அவர் தரப்பில் முன்வைக்கப்பட்டு, ஏற்கப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு நிலை இயற்கையில் உண்டு. 1953-இல் இங்கிலாந்தில் இரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம் ஓ, ஏ இரு வகைச் சிவப்பணுக்களும் கலந்திருந்தன. அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம் எதிர்பார்க்கக்கூடிய கலப்பு. அவரோ ஏற்றிக்கொண்டதே இல்லை. கைக்குழந்தையாகவே இறந்துபோன இரட்டைச் சகோதரனின், இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்கள் அவருக்குள் குடியிருந்தன என்று பிறகு விளங்கியது.

இரத்தம் ஏற்றிய பிறகு வெள்ளணுக்களின் கதை இன்னும் வியப்பானது. அவை சில மணி நேரத்தில் அழிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் லீ, புஷ் ஆகியோரின் குழு 1995-இல் ஆண் கொடையாளரின் இரத்தம் பெற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதல் இரண்டு நாளில் கொடையாளர் வெள்ளணுக்கள் மளமளவெனக் குறைந்தன. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அவை திரும்பப் பெருகின. பிறகு இரண்டு வாரத்துக்குள் மறைந்தன. பெறுநரின் திசுவை அந்நியமாகக் கண்ட கொடையாளர் செல்கள் பெருகியதும், பெறுநரின் நோயெதிர்ப்பு அவற்றை ஒடுக்கியதும் அந்த வளைவில் அப்படியே தெரிகின்றன. முதல் நாளில் எடுத்த மாதிரியையும் நான்காம் நாளில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டு முடிவுக்கு வருவது எவ்வளவு தவறாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பின்னர் அதே குழுவினர், கடும் விபத்துக் காயங்களுக்கு நிறைய இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஒரு பகுதியினரிடம் கொடையாளரின் வெள்ளணுக்கள் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதைக் கண்டார்கள். இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வடிகட்டிக் கொடுத்தாலும் காயமடைந்தவர்களிடம் இது குறையவில்லை என்றும் பிறகு தெரிந்தது. இப்படித் தங்கிய செல்களால் அவர்களுக்குத் தீங்கு நேர்ந்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டவர் எவரும் இதை எண்ணித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டிய நிலை ஒன்று உண்டு. அது மிக அரிது. ஏற்றிய இரத்தத்தின் டி செல்கள் (அந்நியத்தைத் தாக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள்) பெறுநரால் அழிக்கப்படாமல், அவரையே தாக்கத் தொடங்குவது. நோயெதிர்ப்பு மிகக் குன்றியவர்களிடமும், கொடையாளர் நெருங்கிய இரத்த உறவாக இருந்து எச்.எல்.ஏ. பாதி ஒத்துப்போகும்போதும் இது வருகிறது. காய்ச்சல், தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு என்று தொடங்கி மஜ்ஜையே வற்றிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. இங்கே கொடையாளர் செல்லைக் கண்டறிவதே நோயறிதல். இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வையும், நோயாளியின் முடிவேரிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டால் இரண்டும் இரு வேறு மனிதர்களுடையவை என்று தெரியும். தடுப்பதோ எளிது: ஆபத்துள்ளவர்களுக்குக் கொடுக்கும் இரத்தப் பையை 25 கிரே அளவில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் டி செல்கள் பெருகும் திறனை இழந்துவிடும். உறவினர் இரத்தம்தான் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில், கதிர்வீச்சு செய்யாத இரத்தத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ஏற்றச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்பு மாற்றுக்கு வருவோம். 1992-இல் தாமஸ் ஸ்டார்ஸலும் குழுவினரும், பல ஆண்டுகளுக்கு முன் உறுப்பு பெற்று நலமாக வாழ்ந்தவர்களின் தோல், நிணக்கணு போன்ற இடங்களில் கொடையாளர் செல்கள் சிதறிக் கிடப்பதைக் காட்டினார்கள். உறுப்பை உடல் ஏற்றுக்கொள்வதன் இரகசியமே இந்தச் செல்கள்தானோ என்ற பெரிய நம்பிக்கை அப்போது எழுந்தது. அதற்குப் பின் வந்தவை அதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. செல்கள் இருந்தும் நிராகரித்தவர்கள் உண்டு, இல்லாமலே ஏற்றவர்களும் உண்டு. 2008-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் மஜ்ஜையையும் பெற்ற ஐந்து பேரில் நால்வர் நோயெதிர்ப்பு ஒடுக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. அவர்களின் இரத்தத்தில் கொடையாளர் செல்கள் சில வாரங்களே இருந்தன. மறைந்த பிறகும் ஏற்பு தொடர்ந்தது. ஆகவே, சிறுநீரகம் பெற்றவர் ஒருவர் மருந்தைக் குறைக்கலாமா என்பதை இந்தச் செல்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வது இன்றைய நிலையில் சரியல்ல.

உறுப்பு நலமாக இருக்கிறதா என்று அறிய இப்போது வேறொன்றை அளக்கிறார்கள்: பிளாஸ்மாவில் செல்லுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகள். 1998-இல் டென்னிஸ் லோ குழுவினர், ஆணின் கல்லீரலோ சிறுநீரகமோ பெற்ற பெண்களின் பிளாஸ்மாவில் ஒய் குரோமோசோம் துண்டுகள் இருப்பதைக் கண்டார்கள். உறுப்பின் செல்கள் சேதமாகும்போது இவை கூடும். சிறுநீரக மாற்றில், இந்தத் துண்டுகளில் கொடையாளரின் பங்கு 1 விழுக்காடு என்ற எல்லை பரவலாகப் பயன்படுகிறது. இது கொடையாளர் செல் இரத்தத்தில் உலவுவதைக் காட்டும் பரிசோதனை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வரும் கேள்விகளே அதிகம். துண்டுகள் உடலில் ஓரிரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும், ஆகையால் இது அன்றைய சேதத்தின் அளவு. ஒரு நுணுக்கம்: எடுத்த இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வெகுநேரம் பிரிக்காமல் வைத்தால், பெறுநரின் வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே சிதைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டும். கொடையாளரின் பங்கு நீர்த்துப்போய், நிராகரிப்பு நடந்துகொண்டிருக்கையிலும் அறிக்கை நலம் என்று சொல்லிவிடும்.

மஜ்ஜை மாற்றியவர்களுக்கு நான் வலியுறுத்துவது, முழு இரத்தத்தில் மட்டும் பார்க்காமல் செல் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. முழு இரத்தத்தின் வெள்ளணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்கள் என்னும் வகை. அவற்றில் கொடையாளர் 99 விழுக்காடாக இருந்தால், டி செல்களில் பாதி நோயாளியுடையதாக மாறிக்கொண்டிருப்பதுகூட அந்தப் பெரிய எண்ணுக்குள் அமிழ்ந்துவிடும். சிடி3 என்ற மேற்பரப்புக் குறியைத் தாங்கும் டி செல்களைக் காந்தத் துகள்களால் பிரித்தெடுத்துப் பார்த்தால் பொருத்திய மஜ்ஜை நிராகரிக்கப்படப் போவது முன்கூட்டியே தெரியும். சிடி34 குறியுள்ள இரத்தக் குருத்தணுக்களைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் குறியைத் தாங்கும் இரத்தப் புற்றுகள் திரும்புவது முன்கூட்டியே தெரியும். பிரித்தெடுத்ததன் தூய்மையையும் அறிக்கையில் எழுத வேண்டும்: 90 விழுக்காடு தூய்மை உள்ள மாதிரியில் 3 விழுக்காடு என்பது அந்தக் கலப்படமாகவே இருக்கலாம். அதேபோல், கலப்பு நிலை என்றாலே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. அரிவாள் செல் நோய்க்கு மஜ்ஜை மாற்றியவரிடம் கொடையாளரின் பங்கு 20 விழுக்காடு அளவில் நிலைத்தாலே நோயின் வெளிப்பாடு அடங்கிவிடுகிறது. புற்றுநோயாளிக்குக் கவலை தரும் எண், இவருக்குக் குணமான எண். எந்த நோயானாலும் ஒற்றை அளவைவிட, ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் எடுத்த அளவுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதே முக்கியம்.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பான் உள்ள குழாயில் இரத்தம் எடுத்தால் பி.சி.ஆர். தடைபடும், ஈ.டி.டி.ஏ. குழாயே வேண்டும். அண்மையில் இரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றியிருந்தால் தேதியைக் குறிப்பிடுங்கள்; நோயாளிக்கும் கொடையாளருக்கும் சேராத மூன்றாம் நபரின் முகடு தென்படுகையில், காரணம் அதுதானா என்று அப்போதே சொல்லிவிட முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியிடமும் கொடையாளரிடமும் இரத்தம் எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்துவிட வேண்டும். அது இல்லையென்றால் எந்தக் குறி யாருடையது என்று சொல்லவே ஆளில்லை. பிறகு கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மஜ்ஜை மாற்றியவரின் வாயில் கொடையாளரின் வெள்ளணுக்கள் நிறைய இருக்கும், அந்த மாதிரியே கலப்பாகிவிடும். நகத்திலும் கொடையாளர் டி.என்.ஏ. தென்பட்டிருக்கிறது. வேரோடு பிடுங்கிய முடி, அல்லது தோலிலிருந்து வளர்த்தெடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்கள் ஓரளவு நம்பத்தக்கவை. சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் குடும்பங்கள், கீமோதெரபி தொடங்கும் முன்பே இந்த மாதிரியைச் சேமித்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சேமித்த குழாயில் மைக்ரோகிராம் கணக்கில் டி.என்.ஏ. இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.